நீரிழிவும் சிறுநீர்க் கட்டுப்பாடும்: இரு மருத்துவ வரலாறுகள்

சித்த மருத்துவம் மதுமேகம் என்று அறிந்திருந்த நீரிழிவுக்கு, 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பின்னரே உயிர்காக்கும் மருந்து வாய்த்தது. மருத்துவர் எம். விசுவநாதன் 1954இல் சென்னை இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை, அந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைமுறை தமிழகத்தில் வேரூன்றத் துணைநின்றது.

மற்றொரு வரலாறு சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பற்றியது. சிறுநீர்ப்பையின் அடியில் சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுமையாக அகற்றும் அறுவையை 1904இல் பால்டிமோரில் ஹியூ ஹாம்ப்டன் யங் மேற்கொண்டார். எனினும் இவ்வகை அறுவையில் சுருக்குத்தசை, அதாவது சிறுநீரை நிறுத்திவைக்கும் வளையத்தசை, நலிவுற்றதால் சிறுநீர்க் கசிவு நேர்ந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய கசிவுக்காக 1948இல் ஆர்னால்டு கெகல் விளக்கிய இடுப்புத்தளப் பயிற்சி, பின்னாளில் ஆண்களுக்கும் பயன்பட்டது. சிறுநீரை அடக்குவதுபோலத் தசையைச் சில நொடிகள் இறுக்கிப் பின் முழுமையாகத் தளர்த்துவதும், அதனை நாள்தோறும் பலமுறை செய்வதுமே அதன் முறை.

இவ்விரு வரலாறுகளும் ஒரே உடலில் சந்திக்கின்றன. நீடித்த மிகுசர்க்கரை நரம்புகளையும் நுண்ணிய இரத்தநாளங்களையும் சிதைத்து, சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வை மங்கச் செய்வதால், அறுவைக்குப் பின் கட்டுப்பாடு மீளத் தாமதமாகலாம். ஆகவே மேல்பட்டாம்பாக்கம் போன்ற சிறிய ஊர்களின் முதியோரும் கசிவை இழுக்கென மறைக்காமல், சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் தசைப்பயிற்சியையும் ஒருசேரக் கேட்டுப் பெறுவது அவர்களுடைய உரிமையாகும்.