தீவகமும் குருதிப் புற்று மருத்துவமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஊர்காவற்றுறை பழைய துறைமுகத்தாலும், நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலாலும், நெடுந்தீவு கட்டாக்காலிக் குதிரைகளாலும் பெயர் பெற்றவை. ஆயினும், அங்கு வாழும் மக்களுக்கு நோய் என்பது முதலில் ஒரு பயணம். ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாண நகரோடு இணைந்துவிட்டன. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் இன்றும் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்தே அப்பாற் செல்லவேண்டும். நெடுந்தீவிலிருந்து அத்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். சோளகம் முற்றி வீசும் நாட்களில் அந்த ஒரு மணி நேரம் எத்தகையது என்பதைத் தீவகத்தார் நன்கு அறிவர்.

காத்திருக்கக்கூடிய நோய்கள் உண்டு. காத்திராத நோய்களும் உண்டு. இரத்தப் புற்றுநோயின் வகைகளுள் ஒன்று இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. முரசு கரைந்து உதிரம் வரும். தோலில் நீலம் பாரிக்கும். சில நாட்களுள் மூளையில் இரத்தம் கசிந்து உயிர் போகும். 1957ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹில்லெஸ்டாட் மூன்று நோயாளரைக் கண்டு இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தார். புற்றுநோய்களிலேயே மிகக் கொடியதெனப் பல்லாண்டு எண்ணப்பட்ட இந்நோய், இன்று பெரும்பாலும் மாற்றத்தக்கதாகிவிட்டது. அம்மாற்றத்தில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கும் பங்குண்டு. அம்மருத்துவமனையின் கதையோ ஊர்காவற்றுறைக்கு வடகிழக்கே பத்து மைலளவில், பண்டத்தரிப்பு என்னும் ஊரில் தொடங்குகிறது.

நியூயோர்க் நகரில் வைத்தியம் பார்த்துவந்த ஜோன் ஸ்கடர் என்பவர், நோயாளி ஒருவரின் வீட்டிற் கிடந்த சிறு பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறி, 1819ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பொஸ்டன் துறையிலிருந்து கப்பலேறினார். அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்த அவர், 1820இல் பண்டத்தரிப்பிலே தங்கி வைத்தியமும் போதனையும் செய்யலானார். மேனாட்டு மருத்துவ மிஷனரிமாருள் முன்னோடியாகக் கொள்ளப்படுபவர் அவர். 1836இல் அவர் சென்னைக்கு மாறினார். ஆயினும், அவருடைய பிள்ளைகள் தவழ்ந்து விளையாடியது யாழ்ப்பாண மண்ணிலேயே. இங்கே பிறந்த மகன்களுள் ஒருவர் தந்தையின் பெயரையே தாங்கிய இரண்டாம் ஜோன் ஸ்கடர். அவர் மகள் ஐடா.

ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். மிஷன் பணியில் அவருக்கு விருப்பமில்லை. அமெரிக்காவிற் சுகமாக வாழவே எண்ணியிருந்தார். தாயின் நோய் காரணமாகத் திண்டிவனம் வந்திருந்தபோது ஒரே இரவில் மூவர் வந்து, பிரசவத்தில் வருந்தும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். அவரோ வைத்தியம் அறியாதவர். வைத்தியரான அவர் தந்தையை அழைக்க, ஆணென்ற காரணத்தால் அம்மூவரும் இசையவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே அவரைக் கோர்னெல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது எனலாம். 1900இல் வைத்தியராகத் திரும்பி, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947இல் ஆண்களுக்கும் இடம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இவ்வாறு வளர்ந்தது. பாட்டனார் பண்டத்தரிப்பில் மருந்து கொடுத்த காலத்தில் இரத்தப் புற்றுநோய்க்குப் பெயர்கூட இருக்கவில்லை. 1840களிலேதான் ஸ்கொத்லாந்தில் பெனெற்றும், ஜேர்மனியில் வீர்கோவும் அதனைத் தனித்தனியே கண்டனர். வெண்குருதி எனப் பொருள்படும் பெயரை இட்டவர் வீர்கோ.

எமது எலும்புகளின் உள்ளே இருக்கும் என்பு மச்சையிலேதான் குருதிக் குழியங்கள் பிறக்கின்றன. அங்குள்ள குருத்துக்கலங்கள் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு என்னும் எல்லாவற்றையும் ஈன்றெடுப்பவை. வயலில் நெல்லை மூடிக் களை எழுவது போல, முதிராத வெண்குழியங்கள் மச்சையை நிறைத்து நல்லவற்றுக்கு இடமில்லாமற் செய்வதே இந்நோய். களையை மட்டும் அழிக்கும் மருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1948இல் பொஸ்டன் நகரத்து சிட்னி ஃபாபர், 16 பிள்ளைகளுக்கு அமினொப்தெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, அவர்களுட் பத்துப் பேருக்குச் சில காலம் நோய் தணிந்ததைக் காட்டினார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்தமைக்காக உயர்ந்த பட்டம் மறுக்கப்பட்டவர் அவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

களையைப் பிடுங்க இயலாவிடின், வயல் முழுவதையும் எரித்துப் புதிய விதை இட்டாலென்ன என்னும் எண்ணத்திற் பிறந்ததே மச்சை மாற்று. நோயாளியின் மச்சையைக் கதிராலும் மருந்தாலும் முற்றாக அழித்து, வேறொருவரின் குருத்துக்கலங்களை நாளத்தின் வழியே ஏற்றுதல் அதன் முறை. 1957இல் அமெரிக்காவில் டொனல் தோமஸ் அதனைத் தொடங்கினார். தொடக்க காலத்து நோயாளர் அனைவரும் இறந்தனர் என்றே சொல்லவேண்டும். அந்நிய மச்சையை உடல் தள்ளியது. தள்ளாதபோது மச்சை உடலைத் தாக்கியது. இழைய ஒப்புமையை அறியும் வழியைப் பாரிஸ் நகரத்து ஷோன் டோசே 1958இற் கண்ட பின்னரே யாருடைய மச்சை யாருக்குப் பொருந்தும் என்பது துலங்கலாயிற்று. உடன்பிறந்தார் ஒருவருடையது பொருந்துவதற்கும் நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. 1977இல் தோமஸ் வெளியிட்ட கணக்கில், வேறு மருந்தால் மீளாத 100 பேருள் 13 பேர் நெடுநாள் உயிரோடிருந்தனர். பதின்மூன்று சிறிய எண்தான். ஆனால் அதற்கு முன் அவர்களுக்கு இருந்த எண் பூச்சியம். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும், 1986இல் மம்மன் சாண்டி தலைமையில் வேலூரும் மச்சை மாற்றைத் தொடங்கின. வேலூர் அதில் முன்னணிக்கு வந்தது. ஆயினும், பொருந்தும் உடன்பிறப்பு, பல வாரத் தனியறை, குருதியேற்றம், பெரும் பணம் ஆகிய எல்லாம் ஒருங்கே அமைந்தவர் எத்தனை பேர்? மருத்துவத்தின் உச்சத்தை எட்டிய அதே கூடத்தின் வாசலில், அவ்வுச்சத்தை எட்ட இயலாதவர் கூட்டம் நின்றது. முதலிற் கூறிய, உதிரம் கசியும் நோய்க்கு வந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்விடத்தில் வரலாறு சீனாவை நோக்கித் திரும்புகிறது. 1970களின் தொடக்கத்தில் ஹார்பின் நகரத்து வைத்தியர் சாங் டிங்டொங்கும் அவருடன் பணிபுரிந்தோரும், நாட்டு வைத்திய மருந்து ஒன்றினாற் புற்றுநோயாளர் குணமடைகின்றனர் என்று கேள்வியுற்றனர். அம்மருந்தில் வெள்ளைப் பாஷாணமும், இரசக் கூட்டும், தேரை நஞ்சும் இருந்தன. அவர்கள் அதனைப் பரிகசிக்கவுமில்லை, அப்படியே நம்பவுமில்லை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, பயன் தருவது பாஷாணமே எனத் தெளிந்து, அதனை ஊசிமருந்தாக்கினர். இரத்தப் புற்றின் பல வகைகளுள்ளும் உதிரம் கசியும் அந்த வகையிலேதான் அது சிறந்து வேலை செய்தது. 1985இல் ஷங்ஹாயில் வாங் சென்யி, ஏ உயிர்ச்சத்தின் இனத்தைச் சேர்ந்த ரெட்டினோயிக் அமிலத்தை இதே நோய்க்குக் கொடுத்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றினார். 1997இல் ஷங்ஹாய் வைத்தியர்கள், நோய் திரும்பி வந்த 15 பேருக்கு ஆசனிக் கொடுத்து 14 பேரிடம் நோய் தணிந்ததாக அறிவித்தபோது உலகம் வியந்தது.

வியப்புக்கு உண்மையில் இடமில்லை. 1786இல் ஆங்கிலேய வைத்தியர் ஃபவுலர் வெளியிட்ட ஆசனிக் திராவகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கும் வழங்கிய மருந்து. 1865இல் ஜேர்மனியில் அது இரத்தப் புற்றுக்கும் கொடுக்கப்பட்டது. பின்னர் கதிரும் புதிய மருந்துகளும் வந்து அதனை மறக்கச் செய்தன. தமிழ்ச் சித்த மருத்துவமும் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை ஆகியவற்றைச் சுத்தி செய்து வழங்கிவந்தது. இதனைக் கொண்டு, சித்தர்கள் இரத்தப் புற்றைத் தீர்த்தனர் என்று பெருமை பேசுவது தகாது; அதற்குச் சான்றில்லை. அளவு தப்பிய பாஷாணம் இன்றும் நஞ்சே.

இந்நோயில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டுகின்றன. அதனால் உண்டாகும் கலப்புப் புரதம் வெண்குழியத்தை முதிரவொட்டாமல் தடுக்கிறது. ரெட்டினோயிக் அமிலம் அப்புரதத்தின் ஒரு பாதியையும், ஆசனிக் மறு பாதியையும் பற்றி அதனை அழிக்கின்றன. தடை நீங்கவே குழியங்கள் முதிர்ந்து, இயல்பாக மாய்கின்றன. எரிக்காமலே களை ஒழிகிறது.

வேலூர் வைத்தியர்கள் 1998ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய ஆய்வு இதனை மேலும் ஒரு படி கொண்டுசென்றது. அக்காலத்து முறைப்படி ரெட்டினோயிக் அமிலமும் ஏனைய கடுமருந்துகளும் சேர்ந்த சிகிச்சை, வந்தவருட் பலரின் வசதிக்கு அப்பாற்பட்டது. ஆகவே, புதிதாக நோய் கண்டவர்க்கும் ஆசனிக் மூவொட்சைட்டை மட்டுமே கொடுத்துப் பார்ப்பதென முடிவு செய்தனர். மருந்தை மருத்துவமனையின் மருந்தகமே ஆக்கிக் கொடுத்தது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், நோய் தணியும் வரை. இடைவெளி விட்டு இன்னும் நான்கு வாரம். பின் மாதம் பத்து நாள் வீதம் ஆறு மாதம். விக்ரம் மத்தியூஸும் உடன் ஆய்ந்தோரும் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, 2004 வரை சேர்க்கப்பட்ட 72 பேரில் 62 பேருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. 2010இல் வந்த நீண்ட காலக் கணக்கில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு நூற்றுக்கு 74. வறுமையால் மேற்கொண்ட சிகிச்சை, செல்வர்க்குரிய சிகிச்சையோடு ஒப்பிடத் தகுந்ததாயிற்று.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஒப்பிடும் இரண்டாவது குழு ஒன்று அவ்வாய்வில் இருக்கவில்லை. நோயாளரைச் சீட்டுப்போல் இரு கூறாகப் பிரித்து ஆராயும் பணியை இத்தாலியரும் ஜேர்மானியரும் செய்தனர். 2013இல் லொ கொக்கோவும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், கடுமருந்தில்லாமல் ரெட்டினோயிக் அமிலமும் ஆசனிக்கும் பெற்றோருள் நூற்றுக்கு 97 பேர் ஈராண்டின் முடிவிலும் நோயின்றி இருந்தனர். பழைய முறையில் 86 பேர். இந்நோய்க்கு முதற் சிகிச்சையாக மச்சை மாற்று இன்று வேண்டப்படுவதில்லை. நோய் திரும்புவோர்க்கே அதனை எண்ணுகின்றனர். ஏனைய பல இரத்தப் புற்றுகளுக்கு அது இன்றும் இன்றியமையாதது.

அதே 2013இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தெல்லிப்பழை, அமெரிக்க மிஷனார் 1816இல் வந்து நிலைகொண்ட ஊர்களுள் ஒன்று. தீவகத்து நோயாளருக்கு முன்னர் மகரகமை வரை இருந்த வழி இதனாற் குறுகியது. ஆனால் உதிரம் கசியும் நோயில் உயிர்கள் பெரும்பாலும் போவது முதல் நாட்களிலேயே. ஈறில் நிற்காத உதிரத்தைக் கண்டதும் அன்றே குருதியைச் சோதிக்க அனுப்பும் வைத்தியர் ஒருவர் தீவில் இருத்தல், எந்த மருந்துக்கும் முந்திய தேவை.

பிந்திய மாதங்களின் நிலை வேறு. 2013ஆம் ஆண்டிலேயே சீன வைத்தியர்கள் 242 நோயாளரைக் கொண்டு நடத்திய இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. ஆசனிக்கை நாளத்தில் ஏற்றுவதற்குப் பதிலாக, வாயால் உட்கொள்ளும் மாத்திரையாகக் கொடுத்தும் பலன் குறையவில்லை. அம்மாத்திரையின் முதன்மைச் சரக்கு, எமது நாட்டு மருந்துக்கடைகளில் மனோசிலை எனப்படும் அதே செங்கனிமம். சுத்தி செய்து அளவறிந்து ஆக்கப்பட்டது. வேலூர் முறைப்படி மாதம் பத்து நாள் வீதம் ஆறு மாதம் ஊசி ஏற்றிக்கொள்ள நெடுந்தீவிலிருந்து நாள்தோறும் ஒருவர் போய்வருவதாயின், அறுபது முறை போகவும் அறுபது முறை வரவும் அவர் கடலைக் கடக்கவேண்டும். மாத்திரையாயின் அதனைக் கையோடு கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம்.