மரை காக்கும் கம்பிச் சுருள்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மாக்னெட்டோவுடன் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அன்றைய சிலிண்டர்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானவை. மரை எளிதில் கெடவில்லை.

விமான எஞ்சின்கள் வளர்ந்தபோது நிலைமை மாறிற்று. எடை குறையவும், வெப்பம் விரைந்து வெளியேறவும் சிலிண்டர் ஹெட்டை அலுமினியக் கலவையால் வார்த்தனர். அலுமினியமோ எஃகைவிட மென்மையானது. பிளக்கைக் கோணலாகச் செலுத்தினாலும், அளவுமீறி முறுக்கினாலும் சிதைவது ஹெட்டின் மரைதான். பிளக்கின் விலை அற்பம். ஹெட்டின் விலையோ அதிகம்.

இக்குறைக்கு 1930களில் அமெரிக்காவில் விடை கிடைத்தது. துளையில் சற்றுப் பெரிய மரை வெட்டி, சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள எஃகுக் கம்பிச் சுருளை அதில் திருகிச் செலுத்தினர். சுருள் துளையைவிடச் சிறிது பருமனானது. ஆகவே அது வில்போல் விரிந்து சுவரை இறுகப் பற்றுகிறது. கம்பியின் வெளிவிளிம்பு அலுமினியத்தில் பதிகிறது. உள்விளிம்பு பிளக்குக்கு மரையாகிறது. பளு பல சுற்றுகளுக்கும் பகிரப்படுகிறது. 14 மில்லிமீட்டர் பிளக் அதே அளவிலேயே பொருந்துகிறது.

இரண்டாம் உலகப்போரில் விமானங்களில் பரவிய இம்முறை, பின்னர் கார்ப் பட்டறைக்கும் வந்தது. மென்மையான உலோகத்தை வலுப்படுத்தப் பிறந்த சுருள், அங்கே கெட்ட மரைக்கு மாற்றாயிற்று. மரை வெட்டும்போது உலோகத்தூள் சிலிண்டருக்குள் விழாமல் காப்பது முக்கியம். எனினும், எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, மாட்டும்போது முதலில் கையாலேயே திருகினால், பெரும்பாலும் இந்தச் சுருளுக்கே தேவை எழாது.