எரிவாயு இல்லாத எரிவாயு மின் நிலையங்கள்

களனிதிஸ்ஸ என்ற பெயரை வடக்கில் பலர் முதன்முதலில் கேட்டது ஒரு போர்ச் செய்தியில்தான். 2008 ஒக்டோபர் 28 இரவு விடுதலைப் புலிகளின் இலகு ரக விமானம் கொழும்பில் இருக்கும் அந்த மின் நிலையத்தின் மீது குண்டு வீசியது. அந்த நாட்களில் வன்னியில் மின்சாரம் என்றால் ஜெனரேற்றர், இல்லையென்றால் கார் பற்றரி. யாழ்ப்பாணக் குடாநாடு 1990இலேயே தேசிய மின் வலையமைப்பிலிருந்து அறுந்துவிட்டது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து பரீட்சை எழுதிய தலைமுறைக்கு, களனிதிஸ்ஸவில் என்ன எரிகிறது என்பது யோசிக்க வேண்டிய விடயமாக இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. போருக்குப் பிறகு கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை உயர் அழுத்த மின்வழி மீண்டும் வந்தது. கொழும்புப் பக்கம் எரிக்கப்படும் ஒவ்வொரு லீற்றர் எரிபொருளின் செலவிலும் ஒரு பங்கு முல்லைத்தீவு வீட்டின் மின்பட்டியலுக்கும் வருகிறது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது அதை எல்லோரும் உணர்ந்தோம்.

எரிவாயுச் சுழலி என்பது ஏறத்தாழ விமான இயந்திரத்தைப் போன்றதுதான். காற்றை உள்ளிழுத்து அமுக்கி, எரிபொருளைக் கலந்து எரித்து, விரியும் சூடான வாயுவால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். ‘எரிவாயு’ என்ற பெயர் இந்தச் சூடான வாயுவைக் குறிக்கிறதே தவிர, எரிபொருளை அல்ல. இயற்கை எரிவாயு, டீசல், நப்தா, சில வகைகளில் உலை எண்ணெய் கூட அதில் எரியும். பெயரில் உள்ள இந்தக் குழப்பம் நம் நாட்டில் அரசியல்வாதிகளுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது.

சுழலியிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேல். அதை அப்படியே புகைபோக்கியால் வெளியே விட்டால் அது திறந்த சுழற்சி நிலையம். எரிபொருளில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் இன்னும் கொஞ்சம், மின்சாரமாகும். மீதி வானத்துக்குப் போகும். அந்தப் புகையை ஒரு கொதிகலன் வழியாகச் செலுத்தி, தண்ணீரை நீராவியாக்கி, இன்னொரு சுழலியைச் சுற்றினால் அது ஒருங்கிணைந்த சுழற்சி. இரண்டாவது சுழலிக்குத் தனியாக எரிபொருள் தேவையில்லை. நல்ல நிலையத்தில் பயன்படும் சக்தி பாதியைத் தாண்டும்.

வத்தளைக்கு அருகே, முத்துராஜவெல சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கும் கெரவலப்பிட்டிய யுகதனவி நிலையம் இதற்கு நல்ல உதாரணம். 2008இன் இறுதியில் இரண்டு எரிவாயுச் சுழலிகளோடு 200 மெகாவாட் திறந்த சுழற்சியாகத் தொடங்கியது. 2010இல் 100 மெகாவாட் நீராவிச் சுழலி சேர்ந்து 300 ஆனது. கணக்கு எளியது: 200 அலகுக்கு எரித்த அதே எண்ணெயில் ஏறத்தாழ 300 அலகு. ஒரு அலகுக்கான எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. களனிதிஸ்ஸவில் மின்சார சபையின் 165 மெகாவாட் நிலையமும் இதே முறைதான். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைக்கும் நப்தாவை எரிக்கக்கூடியது அது.

அப்படியானால் ஏன் முதலிலேயே முழுதாகக் கட்டுவதில்லை? எரிவாயுச் சுழலியை விரைவாகப் பொருத்தலாம். கொதிகலனுக்கும் நீராவிச் சுழலிக்கும் அதிக காலம் பிடிக்கும். மின்சாரம் அவசரம் என்றால் பாதி நிலையத்தை முதலில் ஓடவிடுவார்கள். புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். ஆனால் அந்த இடைக்காலம்தான் அலகொன்றுக்கு மிக அதிக எண்ணெய் குடிக்கும் காலம். இரண்டாம் கட்டம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு. திறப்பு விழாவில் நாடா வெட்டும்போது அதை யாரும் சொல்வதில்லை.

யுகதனவி இயற்கை எரிவாயுவுக்கு மாறலாம் என்று தொடக்கம் முதலே சொல்லப்பட்டது. எரிந்தது கந்தகம் குறைந்த உலை எண்ணெய். அந்த எண்ணெயைச் சுழலிக்குள் விடுமுன் கழுவிச் சுத்திகரிக்க வேண்டும், அதிலுள்ள உலோகக் கழிவுகள் சுழலித் தகடுகளை அரிக்காமல் மருந்தும் கலக்க வேண்டும். 2021 செப்டெம்பரில் அந்த நிலையத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில் திறைசேரியின் 40 வீதப் பங்கை 25 கோடி அமெரிக்க டொலருக்கு நியூ ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தமானது. எரிவாயு இறக்கும் மிதக்கும் முனையமும் அதோடு சேர்ந்தது. அமைச்சரவைக்குள்ளேயே மூவர் அதை எதிர்த்தார்கள். அவர்களில் விமல் வீரவன்சவும் உதய கம்மன்பிலவும் 2022 மார்ச்சில் பதவி இழந்தார்கள். அதே மாத இறுதியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. நிலையங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க டொலர் இல்லை.

எரிவாயு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அதைத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவர மைனஸ் 162 பாகையில் வைத்திருக்க வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் நீண்டகால ஒப்பந்தம் கேட்பார்கள்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். நல்ல மழை பெய்து மகாவலியும் லக்சபானவும் நிறைந்த ஆண்டில் இந்த நிலையங்கள் அதிகம் ஓடத் தேவையில்லை. அப்போதும் கப்பல் வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் அந்த அளவு எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மலிவான மின்சாரம் என்று பேசும்போது சுன்னாகத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே டீசல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்தச் செலவு எந்த அலகு விலையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இப்போது கெரவலப்பிட்டியவிலேயே சோபாதனவி என்ற 350 மெகாவாட் நிலையம். 2024 ஓகஸ்டில் திறந்த சுழற்சியாக 220 மெகாவாட்டோடு தொடங்கி, பிறகு நீராவிப் பகுதி சேரும் அதே வழி. திறப்பு விழாவில் இயற்கை எரிவாயு நிலையம் என்றுதான் அழைத்தார்கள். முனையம் வரும்வரை அதற்கும் டீசல்தான்.

இத்தனைக்கும் எரிவாயு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்க் கடற்படுகையில் ‘டொராடோ’, ‘பரகூடா’ என்ற இரு கிணறுகளில் அதைக் கண்டது. 2015இல் அந்த நிறுவனம் விலகிப் போனது. எரிவாயு கடலடியிலேயே கிடக்கிறது.