மேலறை நடுக்கம்: மருந்தால் துடிப்பைச் சீராக்குதல்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையே ஏட்ரியல் பிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். அதை மாத்திரையாலோ ஊசியாலோ நிறுத்தி, இயல்பான துடிப்பை மீட்பது மருந்துவழிச் சிகிச்சை. மின்னதிர்ச்சியே இதைவிட வேகமானது, அதிகம் பேருக்குப் பலிப்பதும் அதுவே. ஆனால் மருந்துக்கு நோயாளியை மயக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் சரிந்தோ மூச்சுத் திணறியோ வருபவருக்கு மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமிருக்காது. அவருக்கு மின்னதிர்ச்சிதான்.

இச்சிகிச்சையின் தொடக்கம் மலேரியா மருந்தில் இருக்கிறது. 1912இல் டச்சு வணிகர் ஒருவர் இதய மருத்துவர் வென்கபாக்கிடம் வந்தார். தாறுமாறான தம் நாடியைத் தாமே சரிசெய்ய முடியும் என்றார். ஒரு கிராம் கொயினா சாப்பிட்டு, மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். வென்கபாக் 1914இல் இதை எழுதினார். 1918இல் மருத்துவர் வால்ட்டர் ஃப்ரே, கொயினா கிடைக்கும் சின்கோனாப் பட்டையின் மருந்துகளில் குயினிடினே இதற்கு மிகுந்த ஆற்றலுள்ளது என்று காட்டினார். அக்காலத்தில் பினாங்கின் பெருநிலத்தில், சுங்கை பாக்காப்பைச் சுற்றிய தென் செபராங் பிறைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்குக் கொயினா காய்ச்சலுக்கான கசப்பு மருந்து மட்டுமே.

இன்று குயினிடின் ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. இதயத் தசையில் கோளாறோ இதய இரத்தக்குழாயில் அடைப்போ இல்லாதவருக்கு ஃபிளெக்கைனைடு அல்லது புரோபாஃபெனோன் ஏற்றது. மாரடைப்பு கண்டவருக்கு ஃபிளெக்கைனைடு ஆபத்து என்பதை 1989இல் வெளியான ‘காஸ்ட்’ ஆய்வு உணர்த்தியது. அத்தகையோருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அமியோடரோன் தரப்படுகிறது. அது நெஞ்சுவலி மருந்தாகப் பெல்ஜியத்தில் பிறந்தது. மெதுவாக வேலை செய்யும், பல மணிநேரம் பிடிக்கும். அயோடின் நிறைந்தது என்பதால் நீண்ட காலம் உட்கொண்டால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். உறைதல் தடுப்பு மருந்தான வார்ஃபரினின் வீரியத்தையும் அது கூட்டிவிடும். டிஜாக்சினும் பீட்டா தடுப்பு மருந்துகளும் துடிப்பின் வேகத்தைக் குறைக்குமே தவிர, நடுக்கத்தை நிறுத்தா. பலரும் குழம்பும் இடம் இது.

தேர்ந்தெடுத்த சிலர் ஃபிளெக்கைனைடு அல்லது புரோபாஃபெனோன் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருந்து, நடுக்கம் தொடங்கியதும் வீட்டிலேயே விழுங்கலாம். இத்தாலியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 569 தாக்குதல்களில் 534 அடங்கின. ஆனால் அவர்கள் அனைவருக்கும் அந்த மருந்து முதலில் மருத்துவமனையில் கொடுத்துப் பார்க்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனை இல்லாமல் அக்கம்பக்கத்தாரிடம் மாத்திரை வாங்கி விழுங்குவது உயிருக்கே உலை வைக்கும்.

எந்த மருந்து என்பதைவிட முக்கியமான கேள்வி, நடுக்கம் எப்போது தொடங்கியது என்பது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறையும். துடிப்பு திரும்பும்போது கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த ஆபத்து மருந்தாலும் வரும், மின்னதிர்ச்சியாலும் வரும். அதனால் 48 மணிநேரத்தைத் தாண்டியிருந்தாலோ நேரம் தெரியாவிட்டாலோ, முன்னதாக மூன்று வாரமும் பின்னதாக நான்கு வாரமும் உறைதல் தடுப்பு மருந்து தருவது வழக்கம். அவசரமானால் உணவுக்குழாய் வழியே ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதிசெய்த பிறகு தொடங்கலாம். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் இந்த வரம்பை 24 மணிநேரமாகச் சுருக்கியது. 

அவசரப்படாமலும் இருக்கலாம். நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அண்மையில் நடுக்கம் தொடங்கிய 437 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே துடிப்பைச் சீராக்கினர்; மற்றப் பிரிவினருக்கு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திக் காத்திருந்தனர். அவர்களில் 69 விழுக்காட்டினருக்கு 48 மணிநேரத்துக்குள் துடிப்பு தானாகவே திரும்பியது. நான்கு வாரத்தில் இரு பிரிவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. நடுக்கத்துக்குத் தைராய்டு மிகைச்சுரப்பே காரணமென்றால், துடிப்பை மீட்பதற்கு முன் அதை அடக்க வேண்டும்.

சுங்கை பாக்காப்பிலும் பெருநிலத்தின் பிற ஊர்களிலும் வாழும் வாசகர்களே, படபடப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் உடனே இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு சீரானபின், மருத்துவர் சொல்லாமல் உறைதல் தடுப்பு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.