மலையடிவாரத்து மர்மம்: இந்திரா சௌந்தர்ராஜனின் வட்டாரம்

தமிழ்க் குற்றப்புனைவில் வட்டாரம் என்பது பெரும்பாலும் முகவரியாகவே இருந்துவருகிறது. ராஜேஷ்குமாரின் கோவை நமக்கு நன்கு பழகிய ஊர்தான். என்றாலும் அங்கே நடக்கும் துப்புத் துலக்கலைச் சென்னைக்கு மாற்றினால் கதைக்குப் பெரிய சேதம் நேராது. தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலுக்கோ உலகமே ஊர். 1958இல் சேலத்தில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இவ்விருவரிடமிருந்தும் விலகி நிற்கிறார். அவரிடம் வட்டாரமே தடயம். குற்றம் ஏன் நடந்தது, ஊர் அதை ஏன் மறைக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த மண்ணின் வழிபாட்டில்தான் கிடைக்கிறது.

‘விட்டுவிடு கருப்பா’ இதற்கு வலுவான சான்று. 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ தொடராகச் சன் டிவியில் வந்ததும் இக்கதைதான். ஊரில் விழும் சாவுகளை மக்கள் கொலை என்று எண்ணுவதில்லை. காவல்தெய்வம் வழங்கிய தண்டனை என்றே எண்ணுகிறார்கள். தண்டனைக்கு யார் புகார் கொடுப்பார்கள்? துப்பறிபவர் முதலில் உடைக்க வேண்டியது இந்த மௌனத்தைத்தான். ‘ரகசியம்’ தொடரிலோ சித்தர், நவபாஷாணம், கோயில் ஆகியவற்றைச் சுற்றி மர்மம் பின்னப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரையிலான மலையடிவாரத்தை அறிந்தவர்களுக்கு இவை கற்பனைச் சரக்காகத் தோன்றா. வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரியில் சித்தர்கள் இன்றும் உலவுவதாக நம்பிக்கை. ராஜபாளையத்துக்கு மேற்கே காட்டோரத்தில் அய்யனார் காவல். அதே மலைத்தொடர் 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. தெய்வத்தின் எல்லையும் வனத்துறையின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இத்தகைய நிலத்தில், சட்டம் கேட்கும் சாட்சியமும் ஊர் நம்பும் சாட்சியமும் வேறுபடுவது இயல்பே.

சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவரை இந்த மலையடிவாரத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். இங்கே அளவுகோல் பிறப்புச் சான்றிதழ் அன்று, கதையின் இயக்கம். காவல்தெய்வ வழிபாடு உயிரோடில்லாத இடத்துக்குப் பெயர்த்தால் ‘விட்டுவிடு கருப்பா’வில் புதிரே மிஞ்சாது. மூடநம்பிக்கைக்குத் தீனி போட்டார் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. முற்பிறவி, தெய்வச் செயல் என்று எழுதிக் குவித்தவரை முழுதாக விடுவிக்க முடியாது. ஆயினும் ‘விடாது கருப்பு’ முடிச்சை அவிழ்ப்பது பூசாரி அல்லர், உளவியல். தெய்வத்தின் மேல் ஏற்றப்பட்ட பழி, பிளவுண்ட ஒரு மனித மனத்தில் வந்து இறங்குகிறது. நம்பிக்கையை அவர் ஏளனம் செய்யவில்லை. அதே சமயம் அதையே இறுதிச் சாட்சியாக ஏற்கவும் இல்லை.

மாதநாவல் அவசரம் அவரைக் கெடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல கதைகளில் புதிருக்கு இருக்கும் வலு விடைக்கு இல்லை. முடிவுகள் பக்கக் கணக்குக்குப் பணிந்து ஓடுகின்றன. அந்தக் குறையோடு வைத்துப் பார்த்தாலும், தென்மாவட்ட வழிபாட்டைப் புலனாய்வுக்கு உரிய பொருளாக்கிய வெகுசனப் படைப்பாளிகளில் முதல் வரிசை அவருக்கு உரியது.