அட்டையில் இல்லாத பெயர்

ஓவியப் புத்தகம் கையில் கிடைத்தால் ஓவியர் பெயரைப் பார்ப்போம், எழுதினவர் பெயரைப் பார்ப்போம். படத்துக்கு அனுமதி வாங்கி, புரூஃப் திருத்துற உதவியாளரை யாருங்க பார்க்கிறோம்?

ஏவா அப்படி ஒருத்தர். 1908ல பெர்லினில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்து, ஆட்பிரின்ட் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே புத்தகத் தயாரிப்பைக் கவனித்தவர் வால்டர் நொய்ராத், வியன்னாவிலிருந்து வந்த இன்னொரு அகதி.

1949ல ரெண்டு பேரும் சேர்ந்து 'தேம்ஸ் அண்ட் ஹட்சன்' பதிப்பகத்தை ஆரம்பிச்சாங்க. பேர்ல இருக்கிறது லண்டன் நதியும் நியூயார்க் நதியும். 1953ல கல்யாணம். கையடக்க விலையில் 'வேர்ல்ட் ஆஃப் ஆர்ட்' வரிசை 1958ல வந்தது. 1967ல வால்டர் இறந்தார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த ஏவா 1999ல இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இவருக்காவது நாற்காலி கிடைச்சுது. மத்தவங்களுக்கு? அடுத்த தடவை, பொடி எழுத்தில் இருக்கிற நன்றிப் பக்கத்தையும் படிச்சிடுங்க மக்களே.