யாழ்ப்பாண வயல்மண்: உரத்துக்கு முன் உவரை அளக்க வேண்டும்

திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மரக்கறியும்தான். மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் விரைவாக இறங்கிவிடுவதால் அது நெல்லுக்கு ஏற்ற மண் அல்ல. குடாநாட்டின் வயல்கள் தென்மராட்சி, வலிகாமம் மேற்கு, தீவகம் எனத் தாழ்நிலங்களில், பல இடங்களில் கடல்நீரேரியை ஒட்டியே கிடக்கின்றன.

ஆகவே இங்கே மண்வளத்தைத் தரம் பிரிக்கும்போது நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் என்று தொடங்குவது பொருந்தாது என்பது என் கருத்து. முதலில் உவர். நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 டெசிசீமன்சைத் தாண்டினால் அது உவர்மண். நெல் 3இலேயே தளரத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். 7ஐத் தாண்டினால் பாதி போய்விடும். அந்த வயலில் யூரியாவைக் கூட்டிப் போடுவது காசை உப்பில் கரைப்பதுதான். 2021 உரத்தடைக்குப் பின் உரவிலை ஏறியதை யார் மறந்தார்கள்?

ஆய்வறிக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த பெறுமானம் மிகச் சிறிதாகவே வரும். அதை மேற்சொன்ன எல்லைகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. மாதிரி எடுக்கும் காலமும் அப்படித்தான். மாரி மழை உப்பைக் கழுவியபின் எடுத்தால் எந்த வயலும் நல்ல வயலாகவே தெரியும். ஆவணி, புரட்டாதியில், விதைப்புக்கு முன் எடுக்க வேண்டும்.

உவர் இல்லாத வயலில்தான் சேதனப் பொருள், பொசுபரசு, சுண்ணாம்பு மிகுந்த மண்ணென்றால் நாகம் ஆகியவற்றைப் பார்ப்பதில் பயன் உண்டு. ஓரளவு உவருக்கு ஏ.ரி. 354 போன்ற தாங்கும் இனம் இருக்கிறது. அதற்கும் மிஞ்சிய துண்டை மாடு மேயும் தரவையாக விட்டுவிடலாம்.